வீட்டுக்குள் ஒரு மலை ஸ்டேஜ்: பந்தயத்தின் வடிவத்தில் சைக்கிள் இன்டர்வெல் பயிற்சி

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டத்தை, அதாவது ஒரு ஸ்டேஜை, முழுதாக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஐந்து மணி நேரத்தில் மூன்று, நான்கு மணி நேரம் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. நூற்றைம்பது பேருக்கு மேல் ஒரே கூட்டமாகப் போகிறார்கள். பேசிக்கொள்கிறார்கள், சட்டையின் முதுகுப் பக்கப் பையில் இருப்பதை எடுத்துச் சாப்பிடுகிறார்கள், தண்ணீர் பாட்டில் வாங்கப் பின்னால் போய் வருகிறார்கள். அப்புறம் ஒரு மலை வருகிறது. பத்தே நிமிடத்தில் கூட்டம் சிதறிப்போகிறது. இவ்வளவு நேரம் அலட்டிக்கொள்ளாமல் வந்தவர்கள் இப்போது வாய் பிளந்து மூச்சு வாங்குகிறார்கள்.

காற்றுதான் காரணம். சமதளத்தில் வேகமாகப் போகும் சைக்கிள் வீரர் செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு காற்றைக் கிழித்துப் போகவே சரியாகிவிடும். பெலட்டான் என்று சொல்லப்படும் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தால் இந்தச் செலவு வெகுவாகக் குறையும். பெர்ட் பிளாக்கன் தலைமையிலான ஆய்வுக் குழு 121 வீரர்கள் கொண்ட கூட்டத்தை வைத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. கூட்டத்தின் உள்ளே, நன்றாகப் பின்னால் இருப்பவர் மீது படும் காற்றுத்தடை, தனியாகப் போகும் ஒருவர் சந்திப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான். மலை ஏறும்போது வேகம் விழுந்துவிடுவதால் இந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடுகிறது. அங்கே அவரவர் எடையை அவரவர் கால்தான் தூக்கியாக வேண்டும்.

ஆக, தொழில்முறைப் பந்தயம் தொடர்ச்சியாக ஒரே அளவு உழைப்பு அல்ல. நீண்ட லேசான ஓட்டம், நடுநடுவே கடுமையான உழைப்பு, மறுபடி ஓய்வு. இன்டர்வெல் பயிற்சியும் இதேதான். வீட்டில் ட்ரெய்னர் என்ற தாங்கிக் கருவியில் மாட்டிய சைக்கிளிலோ, நகராத உடற்பயிற்சி சைக்கிளிலோ மிதிப்பவர் பந்தய ஸ்டேஜ்களைப் பார்த்துப் பயிற்சியை அமைத்துக்கொள்வது இதனால்தான் இவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. வெறுமனே சுவாரசியத்துக்காகச் செய்வது அல்ல இது. மலை ஸ்டேஜ், கடைசியில் முழு வேகப் பாய்ச்சலில் முடியும் ஸ்பிரிண்ட் ஸ்டேஜ், தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் டைம் டிரயல் என்று ஒவ்வொன்றும் உடலின் வேறு வேறு திறனைச் சோதிக்கிறது. எதற்கு எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும், நடுவில் எவ்வளவு ஓய்வு வேண்டும் என்பதை அந்த ஸ்டேஜே சொல்லிக்கொடுத்துவிடும். நாம் கடன் வாங்க வேண்டியது அதன் வடிவத்தை மட்டும்தான். அளவை வாங்கினால் தாங்காது. மூன்று வாரத்தில் 21 ஸ்டேஜ், மொத்தம் 3,300 கிலோமீட்டருக்கு மேல் என்பது வருடக்கணக்கில் அதற்காகவே உடம்பைத் தயார் செய்தவர்களுக்கு உரியது.

விட்டு விட்டு மிதிப்பது ஏன்?

மூச்சு வாங்கும் அளவுக்கு 20 நிமிடம் தொடர்ந்து மிதிக்கச் சொன்னால் புதியவரால் ஆறாவது, ஏழாவது நிமிடத்திலேயே முடியாமல் போகும். அதையே நான்கு நான்கு நிமிடமாகப் பிரித்து, நடுவே மூன்று நிமிடம் லேசாக மிதிக்க விட்டால் ஐந்து சுற்று முடித்துவிடுவார். கூட்டிப் பார்த்தால் அதே 20 நிமிட உழைப்பு கிடைத்துவிட்டது. இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தை அனுப்பப் பழகுவதும், தசைகள் ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்தப் பழகுவதும் இப்படிச் சேரும் நிமிடங்களால்தான்.

ஓய்வின் நீளம் ஏன் மாறுகிறது என்பதற்கு ஒரு சின்ன விளக்கம் தேவை. தசைக்கு உடனடியாகக் கிடைக்கும் சக்தி, கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருளில் இருக்கிறது. சட்டைப்பையில் இருக்கும் சில்லறை மாதிரி, கைவிட்டதும் கிடைக்கும். பத்து விநாடி முழு மூச்சாக மிதித்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஓய்வு கொடுத்தால் அதில் பாதி அரை நிமிடத்தையொட்டித் திரும்பிவிடும், மிச்சம் நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். அடுத்து, ஓரிரு நிமிடம் நீளும் கடும் உழைப்பில் உடல் ஆக்சிஜன் போதாத வேகத்தில் சர்க்கரையை உடைக்கிறது. தொடை எரிவது இந்தக் கட்டத்தில்தான். மூன்றாவது, ஆக்சிஜனை வைத்து நிதானமாகக் கிடைக்கும் சக்தி. சில நிமிடங்களைத் தாண்டும் எந்த உழைப்புக்கும் இதுதான் முதுகெலும்பு. மூன்றும் எப்போதும் சேர்ந்தே வேலை செய்கின்றன, எது எவ்வளவு என்ற பங்கு மட்டும் மாறுகிறது. பத்து விநாடி ஸ்பிரிண்டுக்கு நான்கு நிமிட ஓய்வும், ஏழு நிமிட ஏற்றத்துக்கு மூன்று நிமிட ஓய்வும் கொடுப்பது முதல் பார்வையில் தலைகீழாகத் தெரியும். காரணம் இந்தக் கணக்குதான்.

எவ்வளவு கடினம் என்று எப்படித் தெரியும்?

கருவி எதுவும் இல்லாமலே ஆரம்பிக்கலாம். பத்துக்கு இத்தனை என்று உழைப்புக்கு நீங்களே மதிப்பெண் கொடுங்கள். 2, 3 என்றால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு மிதிக்கலாம். 4, 5 என்றால் முழு வாக்கியமாகப் பேசலாம், ஆனால் மூச்சு கேட்கும். 6, 7 வந்தால் நாலு வார்த்தைக்கு மேல் தொடர்ந்து பேச முடியாது. 8-இல் ஒற்றை வார்த்தை. 9 என்றால் எப்போது முடியும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இருக்காது. 10 என்பது பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் நீடிக்காத முழு வேகம். இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் இந்த அளவில்தான்.

இதயத் துடிப்பைக் காட்டும் பட்டையோ கடிகாரமோ இருந்தால் நல்லது, ஆனால் குறுகிய இன்டர்வெல்லில் அதை நம்பக் கூடாது. கால் வேகமெடுத்த அந்த நொடியே துடிப்பு ஏறிவிடாது. ஒரு நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் பின்தங்கித்தான் வரும். அரை நிமிட உழைப்பு முடிந்த பிறகு துடிப்பு உச்சிக்குப் போவதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அது இயல்பு.

வாட் கணக்கைக் காட்டும் ட்ரெய்னர் வைத்திருப்பவர்கள் எஃப்.டி.பி. என்ற சொல்லை அடிக்கடி கேட்பார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்சச் சராசரி சக்தி அது. 20 நிமிடம் முடிந்தவரை மிதித்து, வரும் சராசரியில் 95 சதவீதத்தை எடுப்பது பரவலான வழக்கம். 160 வாட் வந்தால் எஃப்.டி.பி. 152. என்னைக் கேட்டால் முதல் மாதம் இந்தச் சோதனையே வேண்டாம். சீராக மிதிக்கத் தெரியாதவர் செய்யும் 20 நிமிடச் சோதனை தவறான எண்ணைத்தான் தரும், அப்புறம் எல்லாப் பயிற்சியும் அந்தத் தவறின் மேலேயே எழும்பும். மதிப்பெண் முறை அந்தச் சிக்கலைத் தராது. நாளுக்கு நாள் உடம்பு எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப அது தானாகவே சரிசெய்துகொள்ளும்.

மலை: 21 வளைவு, 21 நிமிடம்

ஆரம்பிப்பவருக்கு நான் முதலில் சொல்வது மலை ஸ்டேஜைத்தான். ஸ்பிரிண்டில் தொடங்குபவர்கள் அதிகம், ஆனால் நிதானத்தைக் கற்றுக்கொடுப்பது ஏற்றம்தான்.

பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் ஆல்ப் டியூஸ் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். 13.8 கிலோமீட்டர், சராசரி சாய்வு 8.1 சதவீதம். அதாவது ஒவ்வொரு 100 மீட்டர் போகும்போதும் 8 மீட்டருக்குச் சற்று மேல் உயர வேண்டும். 1952-இல் டூர் முதன்முதலாக இங்கே வந்தபோது இத்தாலியின் ஃபௌஸ்டோ கோப்பி வென்றார். வழியில் 21 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் 21-இல் தொடங்கி, உச்சியை நெருங்க நெருங்க 1 வரை எண் இறங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு வளைவிலும் இங்கே வென்ற வீரரின் பெயர்ப்பலகை. தொழில்முறை வீரர்கள் 40 நிமிடத்தையொட்டி ஏறுகிறார்கள். உச்சத்தில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட கடைசி ஏற்றங்களில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 6 வாட் அளவில் சக்தி கொடுக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவர் என்றால் 360 வாட். புதிதாக மிதிக்க ஆரம்பித்தவருக்கு அதில் பாதி வருவதே கஷ்டம். அதனால் ஒரு குறையும் இல்லை.

இந்த மலையை வீட்டுப் பயிற்சியாக மாற்றும்போது ஒரு வளைவுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 21 நிமிடத்தையும் ஏழு ஏழாக மூன்று பங்காகப் பிரியுங்கள்.

முதலில் 12 நிமிடம் வார்ம்-அப். லேசான கியரில் 3-இல் தொடங்கி, மெல்ல 5 வரை போகலாம். கடைசி மூன்று நிமிடத்தில், நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி வேகமாகச் சுழற்றிவிட்டு விடுங்கள். இந்தப் பகுதியைத் தவிர்க்கவே கூடாது. குளிர்ந்த காலோடு மலைக்குப் போனால் முதல் ஏழு நிமிடம் வார்ம்-அப்பாகவே போய்விடும்.

இப்போது 21-ஆம் வளைவு முதல் 15 வரை. ஆல்ப் டியூஸின் அடிவாரம்தான் அதன் செங்குத்தான இடங்களில் ஒன்று. முதல் இரண்டு கிலோமீட்டர் 10 சதவீதத்தை ஒட்டியே ஓடும். புத்துணர்ச்சியோடு வருபவர்கள் அகலக்கால் வைப்பது இங்கேதான். கியரைக் கனமாக்குங்கள், மிதிச் சுழற்சி நிமிடத்துக்கு 70, 75 என்று குறையட்டும், ஆனால் உழைப்பு 6-ஐத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு நிமிடத்திலும் 50 விநாடி இந்தக் கனத்தில், கடைசி 10 விநாடி ஒரு கியர் லேசாக. நிஜ மலையில் கொண்டை ஊசி வளைவில் சாலை கொஞ்சம் சமமாகும். அங்கே வீரர்கள் ஒரு மூச்சு விட்டுக்கொள்வார்கள். அந்தப் பத்து விநாடி அதுதான். கையைத் தளர்த்துங்கள், தோள் காதுவரை ஏறியிருந்தால் இறக்குங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

மூன்று நிமிடம் லேசாக மிதித்துவிட்டு 14 முதல் 8 வரை. நிஜ மலையில் இந்த ஓய்வு கிடையாது, ஆரம்பக் கட்டத்துக்காக நாம் சேர்த்துக்கொள்வது. உழைப்பு 7. இந்தப் பங்கில் ஒற்றைப்படை வளைவுகளில் மட்டும் 15 விநாடி எழுந்து நின்று மிதியுங்கள். எழும்போது ஒரு கியர் கனமாக்கிக்கொண்டால் கால் வெறுமையாகச் சுழன்று தடுமாறாது. நிற்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் ஏறும், ஆனால் இருக்கையின் அழுத்தம் குறைந்து இடுப்புக்கு ஆசுவாசம் கிடைக்கும்.

மறுபடி மூன்று நிமிட ஓய்வு. கடைசிப் பங்கு 7-ஆம் வளைவில் தொடங்குகிறது. அந்த வளைவுக்கு டச்சு வளைவு என்றே பெயர். நெதர்லாந்து ரசிகர்கள் ஆரஞ்சு நிற உடையில் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் இடம் அது. 7, 6, 5 மூன்றிலும் உழைப்பு 7. 4, 3, 2 வளைவுகளில் 8. கடைசி நிமிடம் 9. அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் 8 நிமிடம் காலை லேசாகச் சுழற்றி மூச்சைத் தணியவிடுங்கள். எல்லாம் சேர்த்து 47 நிமிடம்.

சரியாகச் செய்தீர்களா என்பதை மூன்றாம் பங்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மூன்றாம் பங்கில் அதே கியரில் சுழற்சி விழாமல் இருந்தால் அளவு சரி. விழுந்துவிட்டால் முதல் பங்கில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். மூன்று, நான்கு முறை செய்து கை கூடிய பிறகு ஓய்வை இரண்டு நிமிடமாக, பிறகு ஒரு நிமிடமாகக் குறையுங்கள். ஒருநாள் ஓய்வே இல்லாமல் 21 வளைவையும் ஒரே மூச்சில் ஏறிவிடலாம்.

தாக்குதல்: ஓய்வே தராத இன்டர்வெல்

மலையில் சீரான வேகத்தில் ஏறுவது ஒன்று, எதிராளி திடீர் திடீரென்று வேகமெடுக்கும்போது அவரை விடாமல் ஒட்டிக்கொண்டு போவது இன்னொன்று. 2022 டூரின் 11-ஆம் ஸ்டேஜ் இதற்கு நல்ல பாடம். மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையில் இருந்தவர் தாடே பொகாச்சார். கலிபியே மலைப் பகுதியில் எதிரணியின் யோனஸ் விங்கெகோவும் பிரிமோஷ் ரோக்லிச்சும் மாற்றி மாற்றி அவரைத் தாக்கினார்கள். ஒவ்வொரு தாக்குதலுக்கும் பொகாச்சார் பதில் கொடுத்தார். அன்றைய கடைசி ஏற்றம் கோல் டு கிரனோன். அங்கே விங்கெகோ வேகமெடுத்தபோது பொகாச்சாரால் பின்தொடர முடியவில்லை. அந்த ஒரு ஏற்றத்தில் கிட்டத்தட்ட 3 நிமிடம் போனது, மஞ்சள் சட்டையும் கைமாறியது.

அன்று நடந்ததில் வெப்பம், உணவு என்று வேறு காரணங்களும் பேசப்பட்டன. ஆனாலும் அடிப்படை தெளிவானது. தாங்கக்கூடிய எல்லைக்கு மேலே போகும் ஒவ்வொரு முறையும் உடல் ஒரு கடன் வாங்குகிறது, எல்லைக்குக் கீழே நன்றாக இறங்கினால்தான் அது அடையும். தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும் மலையில் அப்படி இறங்க இடம் கிடைப்பதில்லை.

வீட்டில் இதைச் செய்ய: ஒன்றரை நிமிடம் 6-இல், உடனே அரை நிமிடம் 8-இல், மறுபடி 6. இப்படி நான்கு முறை செய்தால் எட்டு நிமிடம். ஐந்து நிமிடம் லேசாக மிதித்துவிட்டு இன்னொரு எட்டு நிமிடம். இதில் கவனிக்க வேண்டியது அரை நிமிட வேகம் அல்ல, அதற்குப் பிந்தைய ஒன்றரை நிமிடம். 8-லிருந்து இறங்கும்போது கால் தன்னையறியாமல் 4-க்குப் போகப் பார்க்கும். அதை 6-லேயே பிடித்து வைத்து, மூச்சு அடங்காத நிலையிலும் சீராக மிதிப்பதுதான் பயிற்சி. முதல் மாதத்தில் இதைத் தொடாதீர்கள். மலைப் பயிற்சி பழகிய பிறகு வாரத்துக்கு ஒன்று போதும்.

குட்டி மேடு: பொறுத்தவர் வெல்லும் மூன்று நிமிடம்

பெல்ஜியத்தில் மூர் டி ஹுய் என்று ஒரு மேடு. 1.3 கிலோமீட்டர்தான், ஆனால் சராசரிச் சாய்வே 9.6 சதவீதம். ஃபிளெஷ் வலோன் என்ற ஒருநாள் பந்தயம் இதன் உச்சியில்தான் முடிகிறது. 2015-இல் டூர் ஸ்டேஜ் ஒன்றும் இங்கே முடிந்தது. முன்னணி வீரர்களுக்கு இது மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் வேலை. ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ வால்வெர்தே இந்த ஒருநாள் பந்தயத்தை ஐந்து முறை வென்றிருக்கிறார். அவர் ஏறுவதைப் பார்த்தால் செங்குத்தான இடத்தில் அவசரமே இருக்காது. முன்வரிசையில் காத்திருந்து, சாய்வு தளரும் கடைசிப் பகுதியில்தான் பாய்வார். முன்னதாகப் பாய்ந்தவர்களின் கால் அங்கே காலியாகிவிட்டிருக்கும்.

இதன் வடிவம் எளிது. மூன்று நிமிடத்தில் முதல் நிமிடம் 6, இரண்டாவது 7, மூன்றாவது 9. நான்கு நிமிடம் லேசாக மிதித்துவிட்டு மறுபடி. நான்கு சுற்று. முதல் நிமிடம் ரொம்பச் சுலபமாக இருக்கிறதே என்று தோன்றினால் சரியாகச் செய்கிறீர்கள்.

ஸ்பிரிண்டும் டைம் டிரயலும்

சமதள ஸ்டேஜ் பெரும்பாலும் கூட்டமான ஸ்பிரிண்டில் முடியும். கடைசி கிலோமீட்டரில் அணி வீரர்கள் வரிசையாக முன்னால் போய்க் காற்றை மறைப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவராக விலக, கடைசி 200 மீட்டரையொட்டி ஸ்பிரிண்டர் வெளியே வருவார். பத்து, பதினைந்து விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். 2024-இல் மார்க் கேவண்டிஷ் தன் 35-ஆவது டூர் ஸ்டேஜை வென்று எடி மெர்க்ஸின் 34 என்ற சாதனையைத் தாண்டியதும் இப்படியொரு முடிவில்தான்.

வீட்டில் 40 விநாடி மெல்ல வேகத்தைக் கூட்டி 7-க்குக் கொண்டுவாருங்கள், பிறகு 10 விநாடி முழு வேகம். அப்புறம் நான்கு நிமிடம் நிஜமாகவே லேசாக. ஐந்து முறை போதும். ஓய்வைக் குறைத்தால் பயிற்சி கடினமாவது உண்மை, ஆனால் ஸ்பிரிண்ட் பயிற்சியாக அது இருக்காது. மூன்றாவது முறையிலேயே வேகம் பாதியாகிவிடும். ட்ரெய்னரில் பிணைத்த சைக்கிள் பக்கவாட்டில் அசையாது என்பதால் உட்கார்ந்தபடியே செய்யுங்கள்.

இந்த இடத்தில் தபாட்டா பற்றி ஒரு வார்த்தை. 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு, எட்டு முறை என்று அது பரவலாகச் சொல்லப்படுகிறது. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டாவின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வு சைக்கிள் கருவியில் செய்யப்பட்டதுதான். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் உடற்பயிற்சியில் ஊறிய இளைஞர்கள். இனி முடியாது என்ற நிலை வரை மிதித்தார்கள். நான்கே நிமிடம் என்பதால் சுலபம் என்று நினைத்து முதல் வாரமே அதில் இறங்குவது எனக்கு உடன்பாடில்லை.

டைம் டிரயல் இதற்கு நேர்மாறு. கூட்டம் இல்லை, தாக்குதல் இல்லை, கடிகாரத்தோடு மட்டும் போட்டி. 1989 டூரின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர். லோரான் ஃபினியோனைவிட 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட் அன்று 58 விநாடி மிச்சப்படுத்தி, மொத்தத்தில் 8 விநாடி வித்தியாசத்தில் டூரை வென்றார். வழியில் நேர வித்தியாசத்தைத் தன்னிடம் சொல்லவே வேண்டாம் என்று அணியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு நிமிடம் 7-இல், மூன்று நிமிட ஓய்வு, மூன்று சுற்று என்பதுதான் இதன் வீட்டு வடிவம். முடிந்தால் திரையை மூடிவிட்டு, மூச்சின் சத்தத்தையும் காலின் தாளத்தையும் மட்டும் வைத்து மிதித்துப் பாருங்கள். முடிந்த பிறகு எண்களைப் பார்த்தால் எவ்வளவு சீராகப் போனீர்கள் என்று தெரியும்.

உங்களுக்குப் பிடித்த ஸ்டேஜை நீங்களே சுருக்க

ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் மேடுபள்ளங்களைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் வெளியாகும். ஏற்றங்களுக்கு 4 முதல் 1 வரை தரம் போட்டிருக்கும். 4 சின்னது, 1 பெரியது, அதற்கும் மேல் தரவரிசைக்கே அப்பாற்பட்டது என்று ஒரு வகை. 180 கிலோமீட்டரை 45 நிமிடமாகச் சுருக்க வேண்டும், அதனால் 4 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அது சரிவராது. 14 கிலோமீட்டர் மலை மூன்றரை நிமிடமாகிவிடும், சமதளம் அரை மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடும். கிலோமீட்டரை விட்டுவிட்டு நேரத்தை எடுங்கள். இன்னும் நல்லது, ஸ்டேஜ் முழுவதையும் சுருக்காமல் முடிவு தீர்மானமான அந்தக் கடைசி அரை மணி நேரத்தை மட்டும் எடுப்பது. வார்ம்-அப்தான் உங்கள் 150 கிலோமீட்டர் சமதளம்.

பந்தயக் காணொளியை ஓடவிட்டு அதற்கேற்ப மிதிப்பவர்களும் உண்டு. ஸ்விஃப்ட் மாதிரியான மெய்நிகர் தளங்களில் ஆல்ப் டியூஸைப் போலவே 21 வளைவுகளோடு ஒரு மலையும் இருக்கிறது. ஸ்மார்ட் ட்ரெய்னர் சாய்வுக்கேற்பத் தானாகக் கனமாகும். நன்றாகவே இருக்கும். ஆனால் நிமிடக் கணக்கைத் தாளில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டி வைத்தாலும் கால் செய்யும் வேலை அதேதான்.

மின்விசிறி, தண்ணீர், இருக்கை

வெளியே போகும்போது எதிர்க்காற்று உடம்பைக் குளிரவைக்கிறது. வீட்டுக்குள் அது இல்லை. உடல் சூடேற ஏற, அதே உழைப்புக்கே இதயத் துடிப்பு கூடிக்கொண்டு போகும். அதனால் வீட்டுப் பயிற்சிக்கு வாங்கும் முதல் பொருள் எதிரே வைக்கும் நல்ல மின்விசிறியாக இருக்கட்டும். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், கைப்பிடி மேல் ஒரு துண்டு. வியர்வையின் உப்பு சைக்கிளின் உலோகப் பாகங்களை அரிக்கும், முடித்ததும் துடைத்துவிடுங்கள். இருக்கை உயரத்துக்கு ஒரு எளிய சோதனை: குதிகாலை மிதியின் மேல் வைத்து, மிதி அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்.

எத்தனை நாள்?

இதுவரை மிதித்தே பழகாதவர் முதல் மூன்று, நான்கு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம் 3, 4 அளவிலேயே மிதிக்கட்டும். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்கள், கர்ப்பிணிகள், நெடுங்காலம் உடற்பயிற்சி இல்லாமல் இருந்து மறுபடி தொடங்குபவர்கள் கடினமான இன்டர்வெல்லுக்கு முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். மிதிக்கும்போது நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு கடினமான நாள், நடுவே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. மலை ஒன்று, அதோடு குட்டி மேடு அல்லது டைம் டிரயல் ஒன்று. மற்ற நாட்களில் விருப்பம் இருந்தால் லேசாக மிதிக்கலாம். டூர் வீரர்கள்கூட மூன்று வாரத்தில் வரும் இரண்டு ஓய்வு நாட்களிலும் சைக்கிளை ஓரமாக வைத்துவிடுவதில்லை. ஒன்றிரண்டு மணி நேரம் மெதுவாகப் போய்வருவார்கள்.

கூட்டும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். முதலில் சுற்றுகளின் எண்ணிக்கை, பிறகு ஒவ்வொரு சுற்றின் நீளம், அதன்பிறகு ஓய்வைக் குறைப்பது, கடைசியாகத்தான் கியரின் கனம். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தூக்கம் சரியில்லாத நாளில், படி ஏறும்போதே கால் கனக்கும் நாளில், வார்ம்-அப்பில் 5-க்கு மேல் ஏறவே உடம்பு மறுத்தால் அன்றைய மலையை அடுத்த நாளுக்குத் தள்ளிவைத்துவிட்டு அரை மணி நேரம் லேசாக மிதித்தால் போதும்.